முறுக்கை அவிழ்த்தால் ஃபங்ஷன் லைப்ரரியில் இருக்கிறது, ஓட்டினால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்கிறது

பஞ்சுப்பேல்:

வணக்கம் நண்பர்களே. ஒரு நூற்பாலையில் பஞ்சு பேல் எடை போடும் இடத்துக்காக ஒரு சின்ன சி++ நிரல் எழுதியிருக்கிறேன். தராசிலிருந்து எடையை வாங்குவதற்கான .எஸ்ஓ லைப்ரரியை, அதாவது நிரல் ஓடும்போது லோட் ஆகும் ஃபங்ஷன் தொகுப்பை, தராசு கொடுத்தவர்களே தந்தார்கள். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, ஆலைக் கம்ப்யூட்டரிலும் அதேதான். லேப்டாப்பில் நிரல் ஒழுங்காக ஓடுகிறது. ஆலையில் தொடங்கிய உடனே 'சிம்பல் லுக்அப் எரர்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. திரையில் வந்த பெயரை எழுத்தெழுத்தாகத் தமிழில் தருகிறேன்:

_இசட்என்5ஸ்கேல்4ரீட்இஆர்கேஎன்எஸ்டி7__சிஎக்ஸ்எக்ஸ்1112பேசிக்_ஸ்ட்ரிங்ஐசி... (இதற்கு மேலும் நீள்கிறது)

கம்பைலர் முறுக்கிய பெயரை அவிழ்த்துக் காட்டும் சி++ஃபில்ட் கட்டளையில் இதைக் கொடுத்தேன். 'ஸ்கேல்::ரீட்' என்ற ஃபங்ஷன், அடைப்புக்குள் 'பேசிக்_ஸ்ட்ரிங்' என்று நீளமாக ஏதோ வந்தது. அப்புறம் ஆலையில் இருக்கும் .எஸ்ஓ-வை சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்களை, பட்டியலிடும் 'என்எம்' கட்டளையால் (கேபிடல் டி, பெயரை அவிழ்க்கும் கேபிடல் சி இரண்டும் போட்டு) பார்த்தால் அதே 'ஸ்கேல்::ரீட்(எஸ்டிடி::ஸ்ட்ரிங் கான்ஸ்ட்&)' கண்ணெதிரே இருக்கிறது! இருக்கிற ஃபங்ஷனை ஏன் இல்லை என்கிறது? வெள்ளிக்கிழமை லாரி வருகிறது, அதற்குள் இது ஓடியாக வேண்டும்.

தெற்குவாசல்:

முதலில் எல்டிடி போட்டு எந்த .எஸ்ஓ லோட் ஆகிறது என்று பாருங்க. பழைய காப்பி வேறு எங்காவது கிடந்து அதை எடுக்கலாம்.

பஞ்சுப்பேல்:

பார்த்தேன் சார். நான் என்எம் போட்டுப் பார்த்த அதே கோப்புதான் லோட் ஆகிறது.

பழைய லிங்கர்:

தம்பி, கோப்பு சரிதான். நீங்கள் பார்க்கும் இரண்டு பெயர்களும் ஒன்றல்ல, அவிழ்த்த பிறகு ஒன்று போலத் தெரிகின்றன. பன்னிரண்டு வருடமாக லைப்ரரி கட்டிக் கொடுப்பதே என் வேலை. இந்த இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்கருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், டைப் தெரியாது. சி++-ல் ஒரே பெயரில் நாலு ஃபங்ஷன் இருக்கலாம் என்பதால் கம்பைலர் டைப்பையும் சேர்த்துப் பெயருக்குள் முறுக்கி வைக்கிறது. 1989-ல் வந்த சிஃப்ரண்ட் 2.0 என்ற பழைய சி++ கம்பைலர் காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. இப்போது ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் லினக்ஸில் இட்டானியம் ஏபிஐ (கம்பைல் ஆன கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான விதிகள்) சொல்லும் முறையில் முறுக்குகின்றன.

உங்கள் பெயரைக் கையாலேயே பிரிப்போம். '_இசட்' வந்தால் முறுக்கிய பெயர் என்று அர்த்தம். 'என்' என்பது உள்ளுக்குள் உள்ளாகப் போகும் பெயரின் தொடக்கம், 'இ' அதன் முடிவு. நடுவில் எண், அப்புறம் அத்தனை ஆங்கில எழுத்து: 5 எழுத்தில் ஸ்கேல், 4 எழுத்தில் ரீட். அதன் பின்னால் வருவது ஆர்க்யுமென்ட். 'ஆர்' என்றால் ரெஃபரன்ஸ், 'கே' என்றால் கான்ஸ்ட், 'எஸ்டி' என்றால் எஸ்டிடி நேம்ஸ்பேஸ் (பெயர்களின் தொகுதி). அடுத்ததுதான் முக்கியமான இடம். '7__சிஎக்ஸ்எக்ஸ்1112பேசிக்_ஸ்ட்ரிங்' என்பதில் 1112-ஐ ஒரே எண்ணாகப் படிக்காதீர்கள். 7 எழுத்துப் பெயர் '__சிஎக்ஸ்எக்ஸ்11' என்பதோடு முடிகிறது. மிச்சமுள்ள 12, 'பேசிக்_ஸ்ட்ரிங்' என்ற பெயரின் நீளம்.

ஆக, உங்கள் நிரல் கேட்பது '__சிஎக்ஸ்எக்ஸ்11' நேம்ஸ்பேஸுக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கை. அது 2015-ல் ஜிசிசி 5-உடன் வந்தது. சி++11 தரம் ஸ்ட்ரிங்கைக் காப்பி-ஆன்-ரைட் முறையில் (மாற்றும் வரை பல காப்பிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்வது) வைக்கக் கூடாது என்று சொன்னதால் உள்ளமைப்பையே மாற்றினார்கள். பழையதும் புதியதும் தெரியாமல் கலந்துவிடக் கூடாது என்றுதான் பெயரைப் பிரித்து வைத்தார்கள்.

இப்போது ஆலையில் கேபிடல் சி போடாமல், வெறும் கேபிடல் டி மட்டும் போட்டு என்எம் ஓட்டுங்கள். '_இசட்என்5ஸ்கேல்4ரீட்இஆர்கேஎஸ்எஸ்' என்று குட்டியாக வரும் என்று நினைக்கிறேன். கடைசி 'எஸ்எஸ்' பழைய ஸ்ட்ரிங்கின் சுருக்கம். அப்படி வந்தால் ஆலையில் இருப்பது பழைய ஏபிஐ லைப்ரரி, உங்கள் லேப்டாப்பில் இருப்பது புதியது. கோப்பின் பெயர் மட்டும் ஒன்று.

உங்களைக் குழப்பியது இரண்டு கருவிகளின் வேறு வேறு பழக்கம். சி++ஃபில்ட் எதையும் விரித்துக் காட்டும், என்எம் பழைய ஸ்ட்ரிங்கைச் சுருக்கி 'ஸ்ட்ரிங்' என்று காட்டும். சி++ஃபில்டுக்கு '-ஐ' கொடுத்தால் அதுவும் சுருக்கும். அதனால் என் வழக்கம் இது: என்ன ஃபங்ஷன் என்று தெரிந்துகொள்ள அவிழ்த்துப் பார்ப்பேன், இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட முறுக்கியதையே வைத்துப் பார்ப்பேன்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேறு. ஒரு லைப்ரரியில் வெளியே தெரிய வேண்டிய சிம்பல்களின் பட்டியல் தயாரித்தேன். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சி++ஃபில்ட் வழியாக விட்டு, ஒரே மாதிரி இருந்த வரிகளை யூனிக் கட்டளையால் நீக்கினேன். கன்ஸ்ட்ரக்டர் (கிளாஸின் பொருளை உருவாக்கும் ஃபங்ஷன்) வரி ஒவ்வொன்றும் இரண்டு முறை இருந்தது, ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். பொருளை நேரடியாக உருவாக்கியவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்த கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸை டிரைவ் செய்தவர்களுக்கு மட்டும் லிங்க் ஆகவில்லை. முறுக்கிய பெயரில் 'சி1', 'சி2' என்று இரண்டு கன்ஸ்ட்ரக்டர் இருந்தன. சி1 முழுப் பொருளுக்கு, சி2 பேஸ் பகுதிக்கு. அவிழ்த்தால் இரண்டும் ஒரே எழுத்து, இம்மி வித்தியாசம் இல்லை. நான் எறிந்தது சி2. பொருளை அழிக்கும் டிஸ்ட்ரக்டரிலும் டி0, டி1, டி2 என்று இதே கதைதான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, ஒரு வாடிக்கையாளரின் ரிலீஸ் அதனால் தள்ளிப்போனது.

உங்களுக்கு இரண்டு வழி. லேப்டாப்பில் இருக்கும் புதிய .எஸ்ஓ-வை ஆலையில் வைக்கலாம். முடியாது என்றால் '-டி_ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ=0' என்று கொடுத்து உங்கள் நிரலை முழுவதுமாக மறுபடி கம்பைல் செய்து, ஆலையின் .எஸ்ஓ-வுடன் லிங்க் செய்யுங்கள். ஒரு கோப்பை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஸ்ட்ரிங் வாங்கும் வேறு சி++ லைப்ரரி ஏதாவது இருந்தால் அதுவும் பழைய ஏபிஐ-யில் வேண்டும்.

தெற்குவாசல்:

நல்ல விளக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். ரிட்டர்ன் டைப் முறுக்கிய பெயரில் வராது என்று படித்தேன். ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும் ஃபங்ஷனில் மட்டும் ஏபிஐ மாறினால் லிங்கர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

பழைய லிங்கர்:

சரியான கேள்வி. டெம்ப்ளேட் அல்லாத ஃபங்ஷனில் ரிட்டர்ன் டைப் ஏறாது. அதனால்தான் ஜிசிசி அப்படிப்பட்ட ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் 'பி5சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒரு முத்திரை ஒட்டுகிறது. அவிழ்த்தால் [ஏபிஐ:சிஎக்ஸ்எக்ஸ்11] என்று தெரியும். சதுர அடைப்புக்குறியைப் பார்த்தாலே நான் உஷாராகிவிடுவேன்.

கூழாங்கல்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டைப்ஐடி (ஒரு பொருளின் டைப்பைச் சொல்லும் சி++ வசதி) கொடுக்கும் நேம்-ஐ லாகில் எழுதுகிறேன், '5ஸ்கேல்' என்று வருகிறது. சி++ஃபில்டில் விட்டால் அப்படியே திருப்பித் தருகிறதே?

பழைய லிங்கர்:

அது டைப்பின் பெயர், முன்னால் '_இசட்' இருக்காது. '-டி' (சின்ன டி) கொடுங்கள், அவிழும். தானாக ஏன் செய்வதில்லை என்றால், லாகில் தனியாக நிற்கும் 'ஏ' என்ற எழுத்தைக்கூட 'சைன்ட் கேர்' என்று மாற்றிவிடும். நிரலுக்குள்ளேயே வேண்டுமானால் சிஎக்ஸ்எக்ஸ்ஏபிஐ ஹெடரில் '__சிஎக்ஸ்ஏ_டீமேங்கிள்' இருக்கிறது. அது திருப்பித் தரும் நினைவகத்தை ஃப்ரீ செய்வது உங்கள் பொறுப்பு.

பஞ்சுப்பேல்:

அண்ணா, அப்படியே நடந்தது. கேபிடல் சி இல்லாமல் பார்த்தேன், கடைசியில் 'எஸ்எஸ்'. லேப்டாப்பில் இருக்கும் கோப்பில் '__சிஎக்ஸ்எக்ஸ்11'. ஆலையில் அதே .எஸ்ஓ-வை வேறொரு பழைய நிரலும் பயன்படுத்துகிறது என்பதால் அதை மாற்ற விடமாட்டேன் என்கிறார் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவர். எனவே இரண்டாவது வழி. முழுவதையும் அழித்துவிட்டு 0 போட்டுக் கம்பைல் செய்தேன், ஆலைக் கோப்புடன் லிங்க் ஆனது. சற்று முன் மேடையில் ஒரு பேல் ஏற்றினார்கள், 168 கிலோ என்று திரையில் வந்தது. தராசின் முகப்பிலும் 168. உங்களுக்கு மனமார்ந்த நன்றி.