கேஸ் துப்பாக்கியைப் பட்டறையில் பிரித்தபோது

உடுமலை மக்காச்சோளம்:
கதிர் பிடிக்கும் பருவத்தில், மயில்களை விரட்ட எரிவாயுவை எரித்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்க வேண்டிய கேஸ் துப்பாக்கி அரை மணிக்கு ஒருமுறை முனகத் தொடங்கியதால், சிலிண்டரைக் காட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, கருவியை மட்டும் வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். வாயு வரும் நுண்துளை முனையான ஜெட்டில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும், குண்டூசியால் குத்தினால் தீர்ந்தது என்று நினைத்து டயாபிரம் (வாயு நிரம்பினால் உப்பும் சவ்வு) மூடியில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். நெம்புகோல் 'டக்' என்று புரண்டது. அதோடு தகரக் கூரையே அதிர்ந்தது. பரணிலிருந்து பெயிண்ட் டப்பா விழுந்து உருண்டதைக் கண்டேனே தவிர, அதன் ஓசை எனக்குக் கேட்கவில்லை. வாசலில் நின்ற அம்மாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சிலிண்டரே இல்லாமல் எப்படி வெடித்தது?

பழைய வெல்டர்:
டயாபிரத்துக்கு அடியில் தேங்கிய எரிவாயு எங்கே போகும்? அந்த நெம்புகோல் புரளும்போது வாயுவைக் குழலுக்குள் விடுவதும் லைட்டரைத் தட்டுவதும் ஒரே அசைவில் நடந்துவிடுகின்றன. அந்த அசைவைத் தங்கள் ஸ்பேனர் செய்துவிட்டது. குண்டூசியைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஜெட்டின் துளை பெரிதானால் வாயு வேகமாக நிரம்பி, வெடி இடைவெளியே மாறிவிடும். என் கருவி வெடிக்காமல் போனபோது பகலில் இரண்டு நாள் தேடியும் பிழை தெரியவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரிவாயு இல்லாமல் லைட்டரை மட்டும் தட்டியபோதுதான், லைட்டர் முனையின் விரிசல் விட்ட பீங்கான் உறை வழியே நீலப்பொறி குழலின் உடம்புக்குத் தாவுவதைக் கண்டேன்.

கொய்யாத் தோப்பு:
வெல்டர் ஐயா ஜெட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார். எனக்குக் கவலை கண்ணைப் பற்றி. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி பிவிசி குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கி வெடிக்கவில்லை என்று குனிந்து உள்ளே பார்த்தபோது, நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தீ அவர் காதோரம் போனது. 2025 தீபாவளியில் போபாலில் எத்தனை குழந்தைகள் அதே போலக் குனிந்து பார்வையைப் பறிகொடுத்தார்கள்! கார்பைடில் தண்ணீர் பட்டால் வரும் அசிட்டிலீன் வாயு, காற்றில் சிறிதளவு கலந்தாலும் பெருமளவு கலந்தாலும் வெடிக்கும். ஆகவே தாங்கள் எந்தக் கருவியைப் பிரித்தாலும், முதலில் லைட்டர் வயரைக் கழற்றுங்கள். பிறகு நெம்புகோலை வெட்டவெளியில் இரண்டு மூன்று முறை புரட்டி வாயுவை வெளியேற்றுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, பட்டறைத் தரையில் படுத்துக்கிடக்கும். மாட்டிய பிறகு மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சியால் சோதிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உடுமலை மக்காச்சோளம்:
நான் கேட்டது ஒரு கேள்விதான். அதற்கு வெல்டர் ஐயாவின் பதில் போதும். குண்டூசி வேண்டாம் என்றதால், ஜெட்டைத் தனியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காற்றடித்தேன். இப்போது ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்கிறது. மயில்கள் ஒவ்வொரு வெடிக்கும் பதிலாக அகவிவிட்டு, மறுபடி கதிரைக் கொத்துகின்றன. நாளை கருவியை மேற்கு வரப்புக்கு மாற்றப்போகிறேன்.