ஒன்பது வயதில் ஐ.கியூ. 91: எவ்வளவு பொருட்படுத்துவது?

ஒரு தாய்:
நுண்ணறிவுச் சோதனையில் என் மகனுக்கு 91 வந்திருக்கிறது. சராசரி 100 என்று அறிந்ததிலிருந்து, அவன் படிப்பில் தேறமாட்டான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். இந்த எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா?

புள்ளியியல் பித்தன்:
ஓரளவு உண்டு, சகோதரி. ஆறுதலுக்காக அதை மறைக்க விரும்பவில்லை. இங்கிலாந்தில் 70,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 11 வயதில் சோதித்து, 16 வயதுப் பொதுத்தேர்வு முடிவுகளோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், பொதுவான நுண்ணறிவுத் திறனுக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் இடையிலான ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.81 ஆக இருந்தது.

முன்னாள் ஆசிரியை:
தேர்ச்சியில் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கை அது விளக்குகிறது என்று அறிய அந்த 0.81ஐ வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.66தான், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சிய மூன்றில் ஒரு பங்குக்குள்தான் என் வகுப்பறை அனுபவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1905இல் இத்தகைய சோதனையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே அதைத் தந்தார்; ஒதுக்கிவைப்பதற்கு அல்ல. மேலும், ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்ட்டின் செலிக்மனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவர்களின் ஆண்டிறுதி மதிப்பெண்களை ஐ.கியூவைவிடத் தன்னொழுங்கே நன்றாக முன்னுணர்த்தியது.

புள்ளியியல் பித்தன்:
அந்த மாணவர்கள் மதிப்பெண் பார்த்துப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள், அம்மா. திறனில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாத கூட்டத்தில் பிற குணங்கள் பெரிதாகத் தெரிவது இயல்பே. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டது என் தவறு: 85க்கும் 115க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கினர் இருக்கிறார்கள், 91 அந்தப் பெருங்கூட்டத்தில் ஒன்று.

முன்னாள் ஆசிரியை:
மாணவர்கள் தெரிந்தெடுக்கப்பட்ட விதம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். மகிழ்ச்சியைப் பற்றி என்ன சொல்வீர்கள்? ஸ்காட்லாந்தில் 1932இல் 11 வயதுப் பிள்ளைகள் கிட்டத்தட்ட அனைவருக்கும் நுண்ணறிவுச் சோதனை வைத்தார்கள். அவர்களுள் சிலரை ஏறத்தாழ 80 வயதில் தேடிப்பிடித்து வினவியபோது, வாழ்க்கை நிறைவுக்கும் அந்தப் பழைய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை.

புள்ளியியல் பித்தன்:
எண்பது வரை வாழ்ந்து, வினாத்தாளை நிரப்பவும் முடிந்தவர்களின் பதில் அது. குறைந்த மதிப்பெண் வருமானத்தையும் உடல்நலத்தையும் பாதிக்கக்கூடும். அவற்றின் வழியாக மகிழ்ச்சியையும் தொடலாம். இதில் நாம் உடன்படப்போவதில்லை.

ஒரு தாய்:
இருவருக்கும் நன்றி. அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சொற்புரிதலில் 108, செயலாக்க வேகத்தில், அதாவது எளிய வேலைகளை விரைந்து முடிப்பதில், 76. வீட்டில் ஒருவரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. எண் எதையும் அவனிடம் சொல்லப்போவதில்லை. எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் தருவார்களா என்று நாளை பள்ளியில் கேட்கிறேன்.