முயற்கண்ணிக் கம்பியின் ‘கேஜ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் குளிர்காலத்தில் கண்ணி வைத்து முயல் பிடிப்பதைப் பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணி, சுருக்கு, முளை என்று இத்துறைக்கு வேண்டிய பழைய சொற்கள் நம்மிடம் இருப்பதால் பெரும்பகுதி தடையின்றி நடந்தது. கம்பியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அத்தியாயத்தில், கம்பியின் ‘கேஜ்’ என்ற ஓர் ஆங்கிலச் சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

முதல் வரைவில் அதைத் ‘தடிமன்’ என்று எழுதினேன். ‘20 தடிமன் கம்பியைவிட 24 தடிமன் கம்பி மெல்லியது’ என்றொரு வாக்கியம் வந்து விழுந்தபோதுதான் பிழை உறைத்தது. தடிமன் என்பது பொருளின் அளவு. அது கூடினால் எண்ணும் கூட வேண்டும். கேஜ் என்பதோ ஒரு பட்டியலில் அந்தக் கம்பி நிற்கும் இடம். எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகிறது. ‘விட்டம்’ என்று மாற்றினாலும் இதே முரண் மிஞ்சும். ‘அளவி’ என்ற சொல் சில அகராதிகளில் கிடைக்கிறது, ஆனால் அது அளக்கும் கருவிக்குப் பொருந்துமே தவிர, அளந்து பெற்ற எண்ணுக்குப் பொருந்தாது. ஒலிபெயர்த்து ‘கேஜ்’ என்றே விட்டுவிடலாம் என்றால், கூண்டுக்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் அப்படியே எழுதுவதால், விலங்கு பிடிப்பதைப் பற்றிய நூலில் ‘20 கேஜ் வாங்கவும்’ என்று படிப்பவர் இருபது கூண்டுகளுக்குச் சொல்லி அனுப்பக்கூடும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். அங்கே பிடிபடும் பனிக்கால முயல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. அதற்கு நான்கு அங்குல அகலத்தில் சுருக்கிட்டு, பனியிலிருந்து மூன்று நான்கு அங்குல உயரத்தில், முயல் நாள்தோறும் ஓடித் தேய்ந்த தடத்தின் மேல் தொங்கவிடுகிறார்கள். கம்பி தடித்ததாக இருந்தால் சுருக்கு விரைந்து இறுகாது. முயல் அதை முகத்தால் தள்ளிவிட்டுக் கம்பி நீட்டிவிடும். மிக மெல்லியதாக இருந்தால் காற்றிலும் பனியிலும் சுருக்கு வட்டமாக நிற்காது. நின்றாலும், முயல் சுழன்று துள்ளும்போது ஒரே இடத்தில் மடங்கி மடங்கி அந்த இடம் கெட்டிப்பட்டு முறியும். முறிந்த கம்பியைக் கழுத்தில் சுமந்துகொண்டு ஓடும் முயல் பல நாள் துன்பப்படும் என்பதால், கண்ணி வைப்போரே இதில் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். செம்பு மிகவும் துவள்வதால் பித்தளையையே பலர் விரும்புகிறார்கள். 20 முதல் 24 வரையுள்ள எண்களுக்குள்ளேதான் அவர்களுடைய வாதம் முழுவதும் நடக்கிறது.

விட்டத்தை மில்லிமீட்டரில் பார்த்தால் அமெரிக்கக் கம்பி அளவுப் பட்டியலின்படி 20 என்பது 0.81, 22 என்பது 0.64, 24 என்பது 0.51. பார்வைக்கு மயிரிழை வேறுபாடுதான். ஆனால் கம்பியின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 24ஆம் எண் கம்பியின் பரப்பு 20ஆம் எண்ணின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான். அந்தத் தீவில் மார்ட்டன் என்னும் மரநாய் இனத்து விலங்கு அருகிவிட்டதால், அது வாழும் குறிப்பிட்ட பகுதிகளில் 22ஆம் எண் பித்தளைக் கம்பியையோ ஆறு புரிகள் முறுக்கிய படம் மாட்டும் கம்பியையோ மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி செய்திருக்கிறார்கள். முயல் நிற்க வேண்டும், வலிமை மிக்க மார்ட்டன் அறுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அதன் நோக்கம். இங்கே அந்த எண் சட்டத்தின் சொல்லாகவே ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் அது நழுவினால் ஒரு விலங்கின் உயிரும் நழுவும்.

நூற்பாலைகளில் வழங்கும் நூலின் எண்ணை ஒட்டி ‘கம்பியெண்’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே பருத்தி நூலின் எண். 40ஆம் நம்பர் நூலைவிட 80ஆம் நம்பர் நூல் மெல்லியது என்பது தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தலைகீழாக ஓடும் எண் நமக்குப் புதிதல்ல. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(நம் ஊரில் யாரும் இதைச் செய்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். வேல்ஸில் 2023இலும் ஸ்காட்லாந்தில் 2024இலும் கண்ணி வைப்பதையே தடை செய்துவிட்டார்கள். நூலின் முன்பக்கத்திலேயே இதைக் குறிப்பிடப் போகிறேன்.)

அன்புடன்.

*

அன்பின் நண்பருக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். நான் கனடாவுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கடையொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் இந்தச் சொல்லோடு பழைய உறவு உண்டு.

முதலில் ‘தடிமன்’ என்பதை நீங்கள் கைவிட்டது நல்லது. எங்கள் பக்கத்தில் தடிமன் என்றால் மூக்கடைத்துச் சளி பிடிப்பது. கம்பிக்குத் தடிமன் என்று வாசித்தால் எங்கள் ஆட்கள் கொத்தமல்லி அவிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் எழுதுவது தடிப்பு. ‘பருமன்’ என்ற சொல்லையும் தொட வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் அதைக் கன அளவுக்கும் எங்கள் பாடநூல் வேறு பொருளுக்கும் எடுத்துக்கொள்கின்றன.

‘கம்பியெண்’ என்பதில் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, பிரித்துப் படித்தால் அது ‘கம்பி எண்’ என்று ஏவலாகிவிடுகிறது. நீங்களே சட்டத்தை எடுத்துக்காட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் வாசகரைக் கம்பி எண்ணச் சொன்னால் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும். மற்றது, அந்தச் சொல் எண் ஏன் தலைகீழாக ஓடுகிறது என்பதைச் சொல்லவில்லை. பழைய நாளில் கம்பியைத் துளையுள்ள எஃகுத் தகட்டின் வழியே ஒவ்வொன்றாகச் சிறிய துளைகளில் இழுத்து மெல்லியதாக்கினார்கள். எத்தனை முறை இழுத்தார்களோ அதுவே அதன் எண்ணாக வழங்கியது என்பார்கள். கூடுதலாக இழுத்தது கூடுதலாக மெலிந்தது. ஆகவே ‘இழுப்பெண்’ என்று வைத்தால் காரணமும் சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் பழகியது பிரித்தானியப் பட்டியல். அது 1884இல் அங்கே சட்டபூர்வ அளவாயிற்று. உங்கள் கையேட்டில் உள்ளது அமெரிக்கப் பட்டியல். 1857இல் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தார் முறைப்படுத்தியது. பிரித்தானியப் பட்டியலில் 22 என்பது 0.71 மில்லிமீட்டர், அது அமெரிக்கப் பட்டியலின் 21க்குத்தான் அருகில் வரும். நீங்கள் 22 என்று மட்டும் எழுதி, கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ மோட்டார்க் கம்பி விற்கும் கடைக்காரர் ஒருவர் அதைப் படித்தால், அவர் மனத்தில் எழும் கம்பியின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் கூடிவிடும். நீங்கள் சொன்ன மார்ட்டன் அறுக்க வேண்டிய கம்பி அது!

அளக்கும் கருவிக்கு ‘கம்பியளவி’ என்பது சரி. விளிம்பைச் சுற்றி வெட்டுகள் உள்ள வட்டத் தகடு அது. ஒவ்வொரு வெட்டின் உட்புறத்திலும் ஒரு வட்டத் துளை இருக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அந்தத் துளையில் கம்பியை நுழைத்துப் பார்த்துப் பிழையான எண்ணைச் சொல்வார்கள். நானும் சொல்லி, முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். அளப்பது வெட்டு, துளை கம்பியை வெளியே எடுப்பதற்கான இடம் மட்டுமே. கையேட்டில் படம் இருந்தால் இதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மறுமொழிக்கு மிக்க நன்றி. ‘கம்பி எண்’ என்ற ஏவல் என் கண்ணில் படவே இல்லை; அந்தச் சொல்லை அப்போதே அடித்துவிட்டேன்.

‘இழுப்பெண்’ பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அதன் வரலாற்று நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தடிமனிலிருந்து தப்பி இழுப்புக்கு வந்து சேர்ந்தோமே என்ற தயக்கம் எழுகிறது. இழுப்பு என்றதும் மூச்சிரைப்புதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய தடை, இன்றைய பட்டியலுக்கும் இழுத்த தடவைக்கும் தொடர்பு இல்லை என்பது. அமெரிக்கப் பட்டியல் வெறும் கணக்கு: 36ஆம் எண்ணுக்கு 0.127 மில்லிமீட்டர் என்றும், நான்கு சுழிகளால் குறிக்கும் மிகத் தடித்த கம்பிக்கு 11.68 மில்லிமீட்டர் என்றும் இரு முனைகளை நட்டு, இடையில் 39 சம விகிதப் படிகளை வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஆறு எண் இறங்கினால் விட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 26ஆம் எண் 0.40, 20ஆம் எண் 0.81. மேலும் இதே வகை எண் தகரத்துக்கும் ஊசிமருந்து ஊசிக்கும் உண்டு. தகரத்தை உருட்டுகிறார்களே தவிர இழுப்பதில்லை.

ஆகவே எண் எதைக் கூட்டிச் சொல்கிறதோ அதையே பெயராக்கினால் என்ன என்று தோன்றியது. எண் ஏற ஏற ஏறுவது மெலிவு. ‘மெலிவெண்’ என்று வைத்தால், 24 ஏன் 20ஐவிட மெல்லியது என்பதற்கு அடிக்குறிப்பே தேவைப்படாது. தகரத்துக்கும் ஊசிக்கும் பருத்தி நூலுக்கும் அதே சொல் பொருந்தும். இருப்புப்பாதையின் கேஜுக்குப் பொருந்தாது. பொருந்தவும் வேண்டாம், அது அகலம், அதற்கு அகலப்பாதை என்ற நல்ல வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைத் தேடுவது வீண் வேலை.

எந்தப் பட்டியல் என்பதை முன்னொட்டாகச் சேர்த்து, மில்லிமீட்டரை முதலில் எழுதப் போகிறேன். திருத்திய பகுதி இவ்வாறு அமைந்திருக்கிறது:

‘பனிக்கால முயலுக்கான சுருக்குக்கு 0.64 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைக் கம்பி, அதாவது அமெரிக்க மெலிவெண் 22, ஏற்றது. இதைவிடக் குறைந்த மெலிவெண் கொண்ட கம்பி விறைப்பாக நிற்கும், ஆனால் இறுகுவதற்கு நேரம் எடுக்கும். மெலிவெண் 24க்கு மேற்பட்ட ஒற்றைக் கம்பியைத் தவிர்க்க வேண்டும். மார்ட்டன் வாழும் பகுதிகளில் விதியில் குறிப்பிட்ட மெலிவெண்ணை மாற்றக் கூடாது. கம்பியளவியால் சோதிக்கும்போது விளிம்பிலுள்ள வெட்டில் மட்டுமே கம்பியைச் செருக வேண்டும். உட்புறத் துளை அளவைக் காட்டாது.’

கடைசி வாக்கியம் உங்களுடையது. ‘மெலிவெண் 22’ என்பதா, கடைப் பேச்சின் ‘22ஆம் நம்பர் கம்பி’யை ஒட்டி ‘22ஆம் மெலிவெண் கம்பி’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. வாக்கியத்தின் நடுவில் இரண்டாவது இயல்பாக ஒலிக்கிறது. அட்டவணைக்கு முதலாவது வசதியாக இருக்கிறது. ஆட்சேபம் இல்லையென்றால் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்.