சமாந்தரமாகப் போட்ட பற்றரி: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தை அம்மா:
மகளுக்குச் சமாந்தரச் சுற்று வீட்டுவேலை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய டோர்ச் குமிழ், 1.5 வோல்ட் உலர்கலம் இரண்டு, கொஞ்சம் வயர். நேரோடு நேர், மறையோடு மறை சேர்த்தாள், எரிந்தது. அப்புறம் ஒரு கலத்தை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். குமிழ் அசையவே இல்லை, அதே வெளிச்சம். கையிலிருந்த கலத்தைக் காட்டி, "அப்ப இவர் இவ்வளவு நேரமும் என்ன செய்தவர், அம்மா?" என்றாள். பாதி மின்னோட்டத்தை அவர்தான் கொடுத்தார், அதனால் இரண்டும் இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எரியும் என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. சமாந்தரமாகச் சேர்த்தாலும் விடை 1.5 வோல்ட்தான் என்று பாடமாக்கிய எங்களில் யார் அதைக் கேட்டோம்?

கொட்டாஞ்சேனை ரியூஷன் சேர்:
"அதே வெளிச்சம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அக்கா. புதுக்கலம் என்றால் சரி. என் வகுப்புப் பையன் ஒருவன் சுவர் மணிக்கூட்டில் கழற்றிய பழைய கலங்களைக் கொண்டுவந்தான். ஒன்றில் இழை சிவந்ததோடு சரி. இரண்டாவதைப் பக்கத்தில் சேர்த்ததும் மஞ்சளாக எரிந்தது, பிள்ளைகள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். பழைய கலத்துக்கு அகத்தடை, அதாவது கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தடை, கூட. சமாந்தரமாக்கினால் அது பாதியாகும், குமிழுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் (வோல்ட்) கூடும். பிள்ளைகளுக்கு இதையும் காட்ட வேண்டும்.

தெஹிவளை:
2022 மார்ச் கடைசி, 13 மணித்தியாலக் கரண்ட் கட். பக்கத்து வீட்டு அண்ணா இருட்டில் இரண்டு 12 வோல்ட் பற்றரியைச் சேர்க்க, ஒன்றின் முனை மாறிவிட்டது. நீலப் பொறி பறந்தது. வயர் உறை உருகிய மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரே வகை, ஒரே வயதுப் பற்றரிகளை மட்டும் சேருங்கள். நிறைந்ததையும் இறங்கியதையும் சேர்த்தால் நிறைந்தது மற்றதற்குள் மின்னைத் தள்ளும். உலர்கலம் என்றால் சூடாகிக் கசியும். சேர்க்க முன் இரண்டையும் மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். பெரிய பற்றரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பியூஸ் போடுங்கள். ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் அக்கா, மகள் அடுத்து வெள்ளை எல்.ஈ.டி. எரியவைக்கக் கேட்பாள். அதற்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சமாந்தரமாக எத்தனை கலம் சேர்த்தாலும் 1.5தான். இரண்டைத் தொடராக, ஒன்றின் நேரோடு மற்றதன் மறை சேர, போட்டுக் கொடுங்கள்.