எக்ஸ்230-இல் கோர்பூட் போட்டபின் திரை கருப்பு, ஆனால் டெபியன் லாகின் வருகிறது. என்ன காரணம்?

கடைசிபெஞ்ச்:

வணக்கம் நண்பர்களே. மெஷின் திங்க்பேட் எக்ஸ்230, ஐ5, 8 ஜிபி ரேம். பழைய பயாஸ் நான் வாங்கிய வைஃபை கார்டை ஏற்கவில்லை, அதனால்தான் பயாஸுக்குப் பதிலாகப் போடும் திறந்த மூல ஃபர்ம்வேரான கோர்பூட்டில் இறங்கினேன். பேலோடு (கோர்பூட்டுக்குப் பிறகு ஓடி ஓஎஸ்ஸைத் தொடங்கும் புரோகிராம்) சீபயாஸ்.

பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, பாம்ரெஸ்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு சிப்பையும் சிஎச்341ஏ புரோகிராமர், கிளிப் வைத்துப் படித்தேன். திரும்பப் படித்தபோதும் ஷா256 செக்சம் ஒத்துப்போனது. பேக்கப் பத்திரமாக இருக்கிறது. பிறகு திரைப் பக்கம் இருக்கும் 4 எம்பி சிப்பில் மட்டும் எழுதினேன். ‘வெரிஃபைட்’ என்றே வந்தது.

இப்போது பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. பேக்லைட்கூட இல்லை. மெஷின் போச்சு என்று அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் டெபியன் லாகின் திரை நிற்கிறது! உள்ளே போனால் புது வைஃபை உட்பட எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் க்ரப் (லினக்ஸ் பூட் லோடர்) மெனு தெரிவதில்லை, எஸ்கேப் தட்டினால் வரவேண்டிய பூட் மெனுவும் தெரிவதில்லை. யுஎஸ்பியில் இருந்து வேறு ஓஎஸ் போடவேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு எப்படிப் போடுவது?

ஒரு விஷயம், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. முதலில் ‘ஜிநாட்1’ கிடைக்கவில்லை என்று சொல்லி பில்ட் நின்றது. பில்ட் அமைப்புகளுக்கான மெனுகான்ஃபிகில் கிராஃபிக்ஸ் இனிஷியலைசேஷனை ‘நன்’ என்று மாற்றியதும் ஓடிவிட்டது.

சாலிடர்சாமி:

முதல்ல சிபிஎஃப்எஸ், அதாவது ஃப்ளாஷ்ல கோர்பூட் தன் கோப்புகளை வைக்கிற இடம், அதோட சைஸ் என்ன வச்சீங்கன்னு சொல்லுங்க. இந்த மாடல்ல 8 + 4 = 12 எம்பி ஃப்ளாஷ். அதுல பயாஸ் பகுதி 7 எம்பி. 4 எம்பி சிப் முழுசும், 8 எம்பி சிப்போட கடைசி 3 எம்பியும் சேர்ந்தது. சைஸை 7 எம்பியா வச்சுட்டு 4 எம்பி சிப்பை மட்டும் எழுதினா, கோப்பெல்லாம் கீழிருந்து நிரம்புறதால நீங்க எழுதாத சிப்புலதான் போய் உக்காரும். நிறைய பேர் மாட்டுறது இங்கதான்.

இன்னொண்ணு, ஸ்கிரீன் மாத்தின மெஷினா? எஃப்எச்டி பேனல் போட ஈடிபி மாட் (பேனல் இணைப்பை மாத்துற வேலை) பண்ணியிருந்தா அதுக்குத் தனி வேரியன்ட் இருக்கு. அதைத்தான் தேர்ந்தெடுக்கணும்.

அப்புறம் அந்த சிஎச்341ஏ கருப்பு போர்டா? அதுல டேட்டா லைன்ல 5 வோல்ட் வரும். இந்த சிப் எல்லாம் 3.3 வோல்ட். இந்தத் தடவை தப்பிச்சீங்க, அடுத்த தடவைக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிடுங்க.

கடைசிபெஞ்ச்:

சைஸ் 4 எம்பிதான் வைத்தேன். பேனல் கம்பெனியில் வந்த அதே 1366×768. போர்டு கருப்புதான் அண்ணே, 5 வோல்ட் விஷயம் தெரியாது. நன்றி.

நடுநிசி_டெர்மினல்:

சிபிஎஃப்எஸ் தப்பா இருந்தா லாகின் வரைக்கும் போயே இருக்காது, அதை விட்டுடலாம். நீங்க கடைசியா, போற போக்கில் சொன்னதுதான் காரணம்.

கோர்பூட் ரேமை எழுப்பும், சிப்செட்டை ஒழுங்கு பண்ணும், பேலோடு கையில கொடுத்துட்டு ஒதுங்கிடும். திரையை எழுப்புறதும் இடையில யாராவது செய்யணும். இந்த மெஷின்ல அதைச் செய்யறது லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட். ‘நன்’ போட்டதும் அந்த ஆள் வேலையை விட்டுப் போயாச்சு. சீபயாஸ் சொந்தமா இன்டெல் கிராஃபிக்ஸை எழுப்பாது, ஒரு விஜிஏ ஆப்ஷன் ரோமைத்தான், அதாவது திரையில எழுத்துக் காட்ட உதவுற சின்ன புரோகிராமைத்தான் தேடும். அது கிடைக்கலைன்னா சத்தமில்லாம மேல போயிடும். க்ரப்பும் அதே இருட்டுல ஓடும். அப்புறம் லினக்ஸ் கர்னலோட ஐ915 டிரைவர் வந்து யாரையும் கேக்காம பேனலைத் தானே எழுப்புது. அதான் நீங்க லாகினைப் பாத்தீங்க.

உறுதி பண்ணிக்கணும்னா, கோர்பூட் சோர்ஸ்ல யூட்டில் அடைவுக்குள்ள சிபிமெம் இருக்கு. அதை பில்ட் பண்ணி ரூட்டா ‘சிபிமெம் -1’ ஓட்டுங்க. கடைசி பூட்டோட லாக் முழுசா வரும், சீபயாஸ் சொன்னதும் அதுலயே இருக்கும். ‘ஸ்கேன் ஃபார் விஜிஏ ஆப்ஷன் ரோம்’ வரிக்குக் கீழ ‘ரன்னிங் ஆப்ஷன் ரோம்’னு ஒரு வரி இருக்கா பாருங்க.

பழையஇரும்பு:

இவ்வளவு சுத்த வேண்டாம் ப்ரோ. உங்க பழைய பயாஸ் பேக்கப்பில் இருந்து விஜிஏ ரோமை உருவி எடுத்து, 8086,0166 என்ற பெயரில் சிபிஎஃப்எஸ்ஸில் சேர்த்துவிட்டால் திரை வந்துவிடும். நான் டி430-இல் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

நடுநிசி_டெர்மினல்:

வேலை செய்யும், மறுக்கலை. ஆனா சோர்ஸ் இருக்கிற ஒரு வழி கையிலயே இருக்கும்போது, மூடின ரோமை உருவி ஓட்டறதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு கோர்பூட் எதுக்கு? என் கருத்து அவ்வளவுதான்.

கடைசிபெஞ்ச், லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் மட்டும் சி மொழியில இல்லை, அடாவுல எழுதினது. அதிலும் ஸ்பார்க்ங்கிற, கணித முறையில சரிபார்க்கக்கூடிய உட்பிரிவு. அதுக்குத்தான் ஜிநாட் கம்பைலர் வேணும். நீங்க கிராஸ்ஜிசிசிங்கிற கோர்பூட்டோட கம்பைலர் டூல்செயினைக் கட்டினப்போ உங்க டெபியன்ல ஜிநாட் இல்லை. அதனால அடா இல்லாமலே டூல்செயினைக் கட்டிட்டுப் போயிடுச்சு. எச்சரிக்கை ஓடிப்போற வரிகளுக்கு நடுவுல வந்திருக்கும், யார் பாக்குறா.

முதல்ல ஆப்ட்ல ‘ஜிநாட்’ பேக்கேஜ் போடுங்க. அதோட வெர்ஷன் உங்க ஜிசிசி வெர்ஷனோட பொருந்தணும். அப்புறம் நேரா ‘மேக் கிராஸ்ஜிசிசி-ஐ386’ கொடுத்தா ஒண்ணும் நடக்காது, ஏற்கெனவே கட்டியாச்சுன்னு தாண்டிடும். ‘மேக் கிராஸ்ஜிசிசி-கிளீன்’ கொடுத்துட்டுக் கட்டணும். சிபியுஸ்=4 சேர்த்துக்கோங்க, இல்லைன்னா விடிஞ்சிடும்.

மெனுகான்ஃபிக்ல டிவைசஸ் → கிராஃபிக்ஸ் இனிஷியலைசேஷன் → லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட். டிஸ்ப்ளேல லெகசி டெக்ஸ்ட் மோடே போதும். லீனியர் ஃப்ரேம்பஃபர் பார்க்க அழகு, ஆனா விஜிஏ டெக்ஸ்ட் மெமரியில நேரா எழுதுற பழைய புரோகிராம் அதுல தெரியாது. லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட்டைத் தேர்ந்தெடுத்ததும், சீபயாஸ் தேடுற அந்த விஜிஏ ரோமா சீவிஜிஏபயாஸ் தானா சேர்ந்துக்கும். ஆனாலும் பில்ட் முடிஞ்சதும் சிபிஎஃப்எஸ்டூல் பிரிண்ட் ஓட்டி, ‘விஜிஏரோம்ஸ்’னு ஆரம்பிக்கிற வரி இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க.

கடைசிபெஞ்ச்:

லாக் பார்த்தேன். ‘ஸ்கேன் ஃபார் விஜிஏ ஆப்ஷன் ரோம்’ இருக்கிறது, அதன்கீழ் ‘ரன்னிங்’ வரி இல்லை. அப்படியே நேராக கீபோர்டுக்கும் டிஸ்குக்கும் போய்விட்டது.

டூல்செயினைத் திரும்பக் கட்டியாயிற்று, இந்த முறை ஜிநாட் பிழை இல்லை. விஜிஏரோம்ஸ் வரியும் பட்டியலில் இருக்கிறது. எழுதுவதற்கு மறுபடி கீபோர்டைக் கழற்றி கிளிப் மாட்டணுமா? உள்ளிருந்தே முடியுமா?

நடுநிசி_டெர்மினல்:

உள்ளிருந்தே முடியும், கோர்பூட் ஏறிட்டதால. கர்னல் பாராமீட்டர்ல ‘ஐஓமெம்=ரிலாக்ஸ்ட்’ சேர்க்கணும். உங்களுக்கு க்ரப் மெனு தெரியாதே, அதனால டிஃபால்ட் க்ரப் கோப்புலயே எழுதி அப்டேட்-க்ரப் ஓட்டுங்க. ரீபூட் பண்ணிட்டு, சிப்புல எழுதுற டூலான ஃப்ளாஷ்ரோமை ‘இன்டர்னல்’ புரோகிராமரோட கூப்பிடுங்க. கூடவே மூணு விஷயம் சொல்லணும்: ஐஎஃப்டி (ஃப்ளாஷ்ல எந்தப் பகுதி எங்க இருக்குன்னு சொல்ற பட்டியல்) லேஅவுட், பகுதி பயாஸ் மட்டும், நோவெரிஃபை-ஆல். எம்இ (இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின்) பகுதி பூட்டியிருக்கு, முழுசையும் சரிபார்க்கச் சொன்னா அங்க முட்டிக்கிட்டு நிக்கும்.

போன தடவை கிளிப்ல எழுத கடைசி 4 எம்பியை வெட்டி எடுத்திருப்பீங்க. இப்போ அது வேண்டாம். 12 எம்பி கோர்பூட் கோப்பை அப்படியே கொடுங்க, இல்லைன்னா சைஸ் பொருந்தலைன்னு நின்னுடும். சார்ஜர், பேட்டரி ரெண்டும் மாட்டியிருக்கட்டும்.

கடைசிபெஞ்ச்:

வந்துவிட்டது! பட்டனை அழுத்தியதும் பேக்லைட், அப்புறம் சீபயாஸ் வெர்ஷன், ‘பிரஸ் எஸ்கேப் ஃபார் பூட் மெனு’. எஸ்கேப் தட்டினால் எஸ்எஸ்டி ஒன்று, யுஎஸ்பி இரண்டு என்று பட்டியல் வருகிறது. சிபிமெம் லாகிலும் ‘ரன்னிங் ஆப்ஷன் ரோம்’ வந்திருக்கிறது. நன்றி அண்ணே, சாலிடர்சாமிக்கும்தான்.

ஒன்பதுசெல்:

இழை தீர்ந்துவிட்டது போல, சின்ன சந்தேகம். எக்ஸ்230-க்கு வெளிக் கம்பெனி பேட்டரி வாங்கினேன், சார்ஜ் ஏறவில்லை. வைஃபை மாதிரி இதற்கும் கோர்பூட் போட்டால் சரியாகுமா?

சாலிடர்சாமி:

ஆகாது. வைஃபை கார்டைத் தடுக்குறது பயாஸ், பேட்டரியைச் சரிபார்க்குறது ஈசி (எம்பெடட் கன்ட்ரோலர்). அது தனி கன்ட்ரோலர், அதுக்குத் தனி ஃபர்ம்வேர், கோர்பூட் அதைத் தொடுறதே இல்லை. ஈசியைத் திருத்துற பேட்ச் இருக்கு, ஆனா அது கம்பெனி பயாஸ் அப்டேட் வழியாத்தான் உள்ள போகும். அதனால அதை முடிச்சுட்டு அப்புறம் கோர்பூட்டுக்கு வாங்க.

கடைசிபெஞ்சுக்கும் இது வேணும்னா பழைய பயாஸுக்குத் திரும்பித்தான் ஆகணும். அப்படித் திரும்பும்போது 4 எம்பி பேக்கப்பை மட்டும் எழுதினா போதாது தம்பி. உள்ளிருந்து எழுதினப்போ 7 எம்பியும் மாறிடுச்சு, 8 எம்பி சிப்போட பேக்கப்பையும் சேர்த்து எழுதணும். கருப்பு போர்டைச் சரி பண்ணிட்டு.