குல்மார்க் பொடிப்பனியில் ஒரு நாள்: மதுரைப் பக்கத்திலிருந்து போக நினைப்பவர்களுக்கு

மட்டம் செய்து கெட்டிப்படுத்திய சரிவில் ஸ்னோபோர்டிங் (இரு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குவது) கற்றுக்கொண்ட ஒருவர், இரவெல்லாம் பெய்து குவிந்த புதுப்பனியில் முதன்முறையாக இறங்கும்போது, கற்றதில் பாதியை மறந்தாக வேண்டியிருக்கிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் என் அக்கா மகனோடு சறுக்கிய ஒரு முழு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். திருமங்கலத்தில் நாங்கள் அறிந்த பனி, மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் ஈரம் மட்டுமே. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் ரோப் கார் இரண்டு கட்டங்களாக ஏறுகிறது. முதற்கட்டம் கொங்டூரியில் முடிகிறது. இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே, அபர்வத் மலையின் தோள்வரை செல்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அவர்களுக்குக் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கொண்டுவரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள் அப்படி. நாங்கள் போய்ச் சேர்ந்த இரவு தொடங்கிய பனி விடியும்வரை ஓயவில்லை. காலையில் விடுதி வாசற்படிகள் இருந்த இடமே தெரியவில்லை. அவ்வளவு பெய்த பிறகு இரண்டாம் கட்டத்தை உடனே திறப்பதில்லை. பனிச்சரிவுத் தடுப்புக் குழுவினர் வெடிவைத்து, தளர்ந்து நிற்கும் பனியைத் தாங்களே சரியவிட்ட பின்னரே ஆட்களை மேலே விடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் அபர்வத் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்ததைப் படித்திருந்ததால், கொங்டூரியோடு நிற்க வேண்டியதில் எனக்கு வருத்தமில்லை. மருமகனுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது.

எங்கள் வழிகாட்டி உள்ளூர்க்காரர். சிக்னல் அனுப்பும் கருவியை எங்கள் மார்போடு சேர்த்துக் கட்டி, ஒவ்வொருவரையும் தனியாக நடக்கவிட்டு அது வேலை செய்கிறதா என்று சோதித்தார். முதுகுப்பையில், புதைந்தவரைக் குத்தித் தேட மடக்குக் கோலும், தோண்டி எடுக்க மண்வாரியும் வைத்தார். பனிக்குள் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதாலும், கீழேயிருந்து உதவி வர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகலாம் என்பதாலும், கூட வருபவரையே நம்பியாக வேண்டும் என்றார். பிறகு பலகையைத் திருப்பி, கால்களைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்குகளைக் கழற்றிச் சற்றுப் பின்தள்ளி முடுக்கினார். அதன் பயன் இறங்கிய பிறகே விளங்கியது.

அரிசி ஆலையின் பின்புறம் கொட்டிக் கிடக்கும் உமிக் குவியலில் கால் வைத்தவர்களுக்கு அந்தப் பனி எப்படி இருந்தது என்பது புரியும். எடையில்லை, பிடிமானமுமில்லை. கெட்டிப் பனியில் முன்காலில் எடையைப் போடு, ஓரத்தை அழுத்தித் திருப்பு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே அப்படிச் செய்தால் பலகையின் மூக்கு உள்ளே குத்தி, ஆள் தலைகுப்புறப் போய்விடுவார். எடை பின்காலுக்கு வர வேண்டும், வேகமும் குறையக்கூடாது. அப்போதுதான் மூக்கு மேலெழுந்து பலகை பனியின்மேல் மிதக்கும்.

“மாமா, வேகத்தைக் குறைக்காதீங்க, நின்னா புதைஞ்சிடுவீங்க!” என்று பின்னாலிருந்து மருமகன் கத்திக்கொண்டே வந்தான். சரிவைப் பார்த்து வேகம் எடு என்பது உடம்பு எளிதில் ஏற்கும் யோசனையன்று. ஆயினும் ஒரு கட்டத்தில் பலகைக்கடியில் வழக்கமாகக் கேட்கும் கரகரப்பு நின்றுபோய், மூக்கு கிளப்பிய பனித்தூள் மார்பிலும் கண்ணாடியிலும் வந்து அடிக்கத் தொடங்கியபோது, திருப்புவதற்கு இடுப்பைச் சற்றே சாய்த்தால் போதுமாயிருந்தது. நான் அறிந்த வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு குறைந்த முயற்சிக்கு இவ்வளவு சுகம் கிடைத்ததில்லை.

விழுந்தால் வலிப்பதில்லை, எழுவதுதான் பாடு. கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகிறது. இரண்டு முன்கைகளையும் குறுக்காகப் போட்டுப் பனியை அமுக்கி, அதன்மேல் பாரம் வைத்து எழ வழிகாட்டி கற்றுக்கொடுத்தார். சமதளத்தில் வேகம் தீர்ந்து நின்றவர்கள் பலகையைக் கழற்றினால் தொடைவரை இறங்கிவிடுவார்கள்; அந்த உயரத்தில் பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ஊசியிலை மரங்களை நெருங்கவே கூடாது. தாழ்ந்த கிளைகளுக்கடியில், அடிமரத்தைச் சுற்றி, வெளியே தெரியாத பள்ளம் இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தனியாக வெளியே வருவது மிகக் கடினம். மருமகனை வழிகாட்டி உரக்கக் கடிந்துகொண்டது இதற்காக மட்டுமே.

மறுநாள் இரண்டாம் கட்டம் திறந்தது. அவன் போனான், பின்தொடை கெஞ்சியதால் நான் கொங்டூரியில் கஹ்வா என்னும் காஷ்மீர்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்கள் முதலில் பயிற்சிச் சரிவில் நன்றாகத் திருப்பவும் நிறுத்தவும் பழகிக்கொள்ளுங்கள். பலகையும் காலணியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. கையுறை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும், ஏனெனில் முதல் ஜோடி மதியத்துக்குள் நனைந்துவிடும். ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை நல்ல காலம் என்பார்கள். ஆனால் 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை குல்மார்க் பனியின்றிக் காய்ந்து கிடந்ததால், தேதி மாற்ற முடியாத விமான டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.