வசதி பார்த்துத் தரும் உதவிக்கு ஒரு சொல் வேண்டும்

மேலூர், கல்லூரி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழிப் பொருளியல் மாணவர்களுக்காக நாடுகளின் நலத் திட்டங்களை ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சுவீடன் 1948 முதல் பெற்றோர் வருமானம் பாராமல் குழந்தைகளுக்கு உதவித்தொகை தருகிறது. அமெரிக்காவில் 1965-ல் வந்த மெடிக்எய்டு என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். இந்த இரண்டாம் வகைக்குத்தான் சொல் இல்லை. பழைய குறிப்பில் 'வசதிச் சோதனை' என்றிருந்தது. "ஐயா, ஆஸ்பத்திரியில கட்டில், தண்ணி வசதியெல்லாம் இருக்கான்னு பாக்குறதா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. மகளிர் உரிமைத்தொகையைச் சொன்னேன்: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் 3600 யூனிட்டுக்குள். வகுப்பு முழுக்க உடனே தலையாட்டியது. பொருள் எல்லோருக்கும் தெரிகிறது, பெயர்தான் அகப்படவில்லை.

திருமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

'வருமான வரம்பு உதவி' போதுமே ஐயா. வருமானச் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற எவருக்கும் புரியும்.

உசிலம்பட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வருமானம் மட்டுமா அம்மா? நிலமும் மின்சாரமும் கணக்கில் வருகிறதே. 1931-ல் பிரிட்டனில் வேலையில்லாதவர் வீட்டுக்கே ஆள் வந்து, யார் யார் சம்பாதிக்கிறார்கள், என்ன சாமான் இருக்கிறது என்று பார்த்தார்கள். ஆகவே 'உடைமை ஆய்வு' என்பேன்.

சுவீடன் முறைக்குப் புறநானூறு 163 இருக்கிறது. குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் மனைவியிடம் 'இன்னோர்க்கு என்னாது', 'எல்லோர்க்கும் கொடுமதி' என்கிறார். 'இன்னாரெனாக் கொடை' என்று வைத்தால் எவ்வளவு அழகு! அதே பாட்டில் 'குறியெதிர்ப்பை'யும் வருகிறது. அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தருவது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ல் கொண்டுவந்த நோய்க் காப்பீடு தொழிலாளியும் முதலாளியும் கட்டிய பணத்தில் நடந்தது. அதைக் 'குறியெதிர்ப்பை முறை' எனலாம். 221-ஆம் குறளிலும் இந்தச் சொல்…

செல்லூர், தொழிற்சங்கத் தோழர்:

ஐயா, குறியெதிர்ப்பை நாழிக்கு நாழி. காப்பீட்டில் நோயில் விழுந்தவருக்குக் கட்டியதைவிடக் கூடக் கிடைக்கும், விழாதவருக்கு ஒன்றும் வராது. பொருந்தவில்லை.

'கொடை'யை நான் ஏற்கவே மாட்டேன். குமணன் கொடுத்தது கொடை. வரி கட்டும் மக்களுக்கு வருவது உரிமை. 2022 செப்டம்பரில் நம் மதுரை ஆதிமூலம் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. தட்டை வைத்து உட்கார்ந்த பிள்ளையிடம், உங்கப்பாவுக்கு என்ன சம்பளம் என்றா கேட்டார்கள்? 'பொது உரிமை' என்றே எழுதுங்கள்.

திருமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

இன்னொன்று, தோழர். எல்லோருக்கும் கொடுத்தாலே சோசலிசம் என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். டென்மார்க் சோசலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம்தான் என்று அந்நாட்டுப் பிரதமரே 2015-ல் விளக்க வேண்டியிருந்தது. சோசலிச நாடான கியூபாவில் 1962-ல் எல்லோருக்கும் ரேஷன் புத்தகம் வந்தது. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோடு பார்த்துப் பிரித்தபோதும் தமிழ்நாடு ரேஷனைப் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அதற்காக இரண்டும் ஒரே பொருளாதாரமா? ஆலை யார் கையில் என்பது ஒரு கேள்வி, அரிசி யாருக்கு என்பது வேறு கேள்வி. 'பொது உரிமை' என்றால் பொதுவுடைமையோடு குழப்பிக்கொள்வார்கள்.

மேலூர், கல்லூரி ஆசிரியர்:

இந்தக் கடைசிப் பத்தியை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன் அம்மா. 'அனைவருக்குமான உதவி', 'தகுதி வரம்பு உதவி' என்று எழுதிவிடட்டுமா? நாளைக்குள் கொடுத்தாக வேண்டும்.

திருமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:

சரி ஐயா. எனக்குச் சம்மதம்.

செல்லூர், தொழிற்சங்கத் தோழர்:

'உதவி' உறுத்துகிறது. இருந்தாலும் இந்த முறை போகட்டும்.

உசிலம்பட்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

எனக்குச் சம்மதமில்லை. இல்லாமை எப்படித் தம்பி ஒருவருக்குத் தகுதியாகும்? உடைமை ஆய்வு என்பதை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.